புல்லுருவிப் பழத்தை அளந்தவர்

ஜெபமணி மேடத்தின் பெயர் கைபேசியில் வந்தபோது நான் மீன் ஏலக்கூடத்தில் நின்று சாளைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அழைப்பைத் துண்டித்தேன். மறுபடி வந்தது, மறுபடியும் துண்டித்தேன். மூன்றாவது முறை அடித்தபோது மீன்காரம்மா பொறுமையிழந்து, "எடுத்துத்தான் பேசுங்களேன் அண்ணாச்சி, என்னமும் அவசரமா இருக்கப்போவுது" என்றாள். எடுத்தேன். பேசியது மேடம் இல்லை. நாசரேத்தில் அவருடன் இருந்த தங்கை கிரேஸ்.

"அண்ணாச்சி, அக்கா போயிட்டா. காலையில எழுப்பப் போனேன், எழும்பல. அவ போன்ல உங்க நம்பர்தான் முதல்ல கெடந்துது. அதான் உங்களுக்கு முதல்ல சொல்லுதேன்."

மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி என்ன ஏது என்று கேட்டாள். மேடம் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். மற்றதை அவளிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

ஆலையின் பழைய ஆட்கள் எல்லாரும் சேர்ந்து மேடத்துக்கு நினைவு மலர் போடுகிறீர்கள். அவரோடு அதிகம் பழகியவன் நான் என்பதால் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நல்ல வார்த்தைக்கென்ன பஞ்சம்? மலர் முழுக்க அதுதான் இருக்கப்போகிறது. அவர் இருந்தபோது "புல்லுருவி மேடம்" என்று முதுகுக்குப் பின்னால் கிண்டலடித்தவர்கள் எல்லாரும் இப்போது அவர் அறிவைப் புகழ்ந்து எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் எழுதப்போவது வேறு. படித்துவிட்டு அச்சில் ஏற்றுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

ஆலையைத் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். முத்தையாபுரத்தைத் தாண்டி, திருச்செந்தூர் சாலையில் இருக்கிறது எங்கள் மாட்டுத்தீவன ஆலை. மக்காச்சோளம், தவிடு, பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் எல்லாம் லாரி லாரியாக வரும். ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு கை அள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். அதில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது ஜெபமணி மேடத்தின் வேலை. கட்டடம், தோட்டம், மரம், சாக்கடை, கேட் பாஸ் என்று மிச்சமிருந்த அத்தனையும் என் வேலை. அவரைவிட நான் இரண்டு வயது மூத்தவன். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை மேடம் என்பேன். கடைசி வரைக்கும் அப்படித்தான்.

வளாகத்தின் தெற்குச் சுவர் ஓரமாக ஐந்து வேப்பமரங்கள் நின்றன. ஐந்திலும் புல்லுருவி. வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்து வெட்டி எறிவோம். அது மரத்தின் இரத்தத்தைக் குடிக்கிற சனியன் என்பதுதான் எனக்குத் தெரிந்த தாவரவியல். அப்படி ஒரு சித்திரையில் வெட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளைக் கோட்டோடு ஆய்வகத்திலிருந்து விறுவிறுவென்று வந்தார் மேடம். கீழே கிடந்த கொத்து ஒன்றை எடுத்தார். இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பழங்கள். ஒன்றை நசுக்கி விரலை விரித்தார். பசை நூலாக இழுத்தது.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"களவாண்ட சத்து இருக்கும், வேறென்ன."

"எவ்வளவு களவாண்டுதுன்னு எல்லாரும் பாக்கிய. அதை யாருக்குக் கொடுக்குதுன்னு ஒருத்தரும் பாக்கலயே."

சொல்லிவிட்டு, வெட்டிப் போட்டதையெல்லாம் கூடையில் அள்ளச் சொன்னார். அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். இசக்கி, அதுதான் எங்களுக்கு மரம் வெட்டுகிற ஒப்பந்தக்காரன், என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அதற்குப் பிறகு நடந்தது ஆலை முழுக்கத் தெரிந்த கதைதான் என்றாலும், சரியாகத் தெரிந்தவர்கள் குறைவு. ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. சரக்கு அனுப்பிய பார்ட்டியின் பெயர் இல்லாமல் எந்த மாதிரியும் பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் ஏறாததை எந்த மிஷினிலும் வைக்கக் கூடாது. புல்லுருவிப் பழத்துக்குப் பார்ட்டி யார்? மேடம் யோசித்துப் பார்த்துவிட்டுத் தன் அப்பா பெயரை எழுதிவிட்டார். "சாமுவேல், நாசரேத்." சரக்கு: "பழத்தூள்." பழத்தைக் காயவைத்து, அரைத்து, கொழுப்பு பார்த்து, புரதம் பார்த்து, உலையில் வைத்துச் சாம்பலாக்கிப் பொட்டாசியமும் பார்த்தார். எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். கம்பெனி நேரத்தில் ஒரு நிமிஷம் எடுக்கவில்லை. முடிவை ஒழுங்காகப் பதிவேட்டில் எழுதி வைத்தார்.

கொள்முதல் அதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். அடேயப்பா, இப்படி ஒரு சரக்கா! யார் இந்த சாமுவேல்? மேடம் அன்று விடுப்பு. மனிதர் ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே நாசரேத்துக்கே போய்விட்டார். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, "மாசம் ரெண்டு லாரி கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். சாமுவேல் ஐயா ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். "எதுல ரெண்டு லாரி தம்பி? நான் படம்லா வரைவேன்" என்றிருக்கிறார். உள்ளேயிருந்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மேடம் வந்து நின்றாராம்.

அன்றைக்கு முழு ஆலையும் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் மறுநாள் மேடத்துக்கு மெமோ வந்தது. பொய்ப் பெயரில் மாதிரி பதிந்த குற்றம். அவர் பதில் எழுதினார்: "பெயர் தவறு, ஒப்புக்கொள்கிறேன். எண்கள் சரி." இவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவருடைய பதவி உயர்வு அந்த மெமோவைக் காட்டியே மூன்று வருஷம் தள்ளிப்போனது. அதைத் தள்ளிப்போட்டவர்களில் இரண்டு பேர் இந்த மலரின் ஆசிரியர் குழுவில் இருக்கிறார்கள். கும்பிடுகிறேன் ஐயா, சுகமாக இருங்கள்.

எண் விஷயத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இன்னொன்று. கருவாட்டுத் தூள் லாரி ஒன்றில் மணல் கலந்திருந்தது. அனுப்பியவர் மேலிடத்துக்கு வேண்டப்பட்டவர். கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று மூன்று பேர் மாறி மாறி வந்து மேடத்திடம் சொன்னார்கள். மூன்றாவது ஆள் நான். என்னை அனுப்பியிருந்தார்கள், போனேன்.

"அண்ணாச்சி, மணலைத் தின்னுட்டு மாடு பால் கறக்குமா?"

"ஒரு தடவைதானே மேடம்."

"நான் ஒரு தடவை பொய் எழுதினா, அதுக்கு முந்தி எழுதினது எல்லாத்தையும் எவன் நம்புவான்?"

லாரி திரும்பிப் போனது. நானும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை என்பதுதான் அதிகம் உறுத்தியது. மறுநாள் வழக்கம்போலக் கூப்பிட்டுத் தெற்குச் சுவருக்கு அழைத்துப்போனார்.

ஆமாம், அதற்குள் தெற்குச் சுவருக்குப் போவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அந்த ஐந்து மரங்களில் வெட்டுவதையும் நிறுத்தியிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம். சும்மா சொல்லக்கூடாது, முதலில் வேடிக்கைக்காகத்தான் போனேன். சித்திரை வெயிலில் அந்தப் பக்கம் எல்லாம் காய்ந்து கிடக்கும். உப்பளக் காற்று முகத்தில் அறையும். சுற்று வட்டாரத்தில் தின்ன ஒன்றும் இருக்காது. அப்போது அந்த ஐந்து மரங்களில் மட்டும் சந்தைக்கடை போல இரைச்சல். பூவில் தேன்சிட்டு. பழத்தில் அணில், குயில், கொண்டைக்குருவி. இலையில் புழுக்கள்; பின்னால் அவை இறக்கையின் அடியில் மஞ்சளும் சிவப்புமாக வண்ணத்துப்பூச்சிகளாகிப் பறக்கும்.

இவ்வளவும் எங்கிருந்து வருகிறது என்று மேடம்தான் சொன்னார். புல்லுருவிக்கு இலை பச்சை. சர்க்கரையைத் தானே செய்துகொள்ளும். வேம்பிடம் எடுப்பது தண்ணீரும் தண்ணீரில் கரைந்த உப்புச் சத்துகளும். வேம்பு வெயிலுக்குப் பயந்து சிக்கனமாக இருக்கும்போதும் இது இலையைத் திறந்துபோட்டுக்கொண்டு நீரை இழுத்தபடியே இருக்கும். வேம்பு தன் இலையை உதிர்ப்பதற்கு முன்னால் அதிலுள்ள சத்தில் ஒரு பங்கை உள்ளே திரும்ப இழுத்துக்கொள்ளும். புல்லுருவிக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. வந்தது வந்ததுதான். இலையிலும் பழத்திலும் சேர்ந்துகொண்டே போகும். மேடம் வேப்பிலையையும் புல்லுருவி இலையையும் பக்கத்தில் பக்கத்தில் எரித்துப் பார்த்திருந்தார். பொட்டாசியம் எதில் கூடுதல் என்று கேட்டு, நான் வேம்பு என்று சொன்னதும் சிரித்தார். "அளக்காம பேசாதிய அண்ணாச்சி." உதிர்ந்த புல்லுருவி இலை மக்கும் இடத்தில் மண் எப்படிக் கறுத்திருக்கிறது என்று காலால் தள்ளிக் காட்டினார். தோட்டத்துக்கு நான் பொறுப்பாளன். அதுநாள்வரை அதைக் குனிந்து பார்த்ததில்லை.

பழத்தின் தோலுக்குள் இனிப்பு, கொழுப்பு, புரதம். அதற்குள் அந்தப் பசை. பசைக்குள் ஒற்றை விதை. அதைத் தின்ன வருவது பூக்கொத்தி என்று ஒரு குருவி. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், நிறமென்று சொல்ல ஒன்றுமில்லை. விழுங்கிய சில நிமிஷத்துக்குள் விதை பின்வழியாக வந்துவிடும், பசையோடு. சும்மா விழாது, ஒட்டிக்கொள்ளும். குருவி கிளையில் குறுக்கே உட்கார்ந்து, பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துடைக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. மேடம் சிரிக்காமல், "நாத்து நடுது, பேசாம இருங்க" என்றார். அந்தக் குருவிக்கு இந்தப் பழம் வேண்டும், இந்தப் பழத்துக்கு அந்தக் குருவி வேண்டும். மனிதன் நட்டு இது முளைப்பது அபூர்வம்.

அவரைப் புல்லுருவிக்கு வக்காலத்து வாங்கிய பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது மரத்தில் புல்லுருவி மிதமிஞ்சிப் போய், உச்சிக் கிளைகள் பட்டுப்போக ஆரம்பித்தன. அவரே வந்து, "இதுல பாதிய வெட்டிருங்க, மரம் தாங்கல" என்றார். எந்தக் கிளையில் எதை எடுக்க வேண்டும் என்று கீழே நின்று கை காட்டினார். இசக்கி அப்படியே வெட்டினான். மரம் பிழைத்தது. அவருடைய அன்புக்குக்கூட அளவுகோல் இருந்தது. எனக்குத்தான் எதிலும் இருந்ததில்லை.

பிறகு சிறுநீரகம் கெட்டது. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கினார். கேன்டீன் கூடத்தில் பிரிவுபசாரம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கேசரி நன்றாக இருந்தது என்று இப்போதும் சிலர் சொல்கிறீர்கள். சால்வை போர்த்த வந்தபோது அவர் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு மைக்கைக் கேட்டார்.

"எனக்குச் சால்வை வேண்டாம். தெற்குச் சுவர் அஞ்சு வேம்புல இருக்க புல்லுருவிய மட்டும் விட்டுருங்க. மத்த மரத்துல என்ன வேணாலும் செய்ங்க. அதுகளை அண்ணாச்சி கையில ஒப்படைக்கேன்."

எல்லாரும் சிரித்துக் கைதட்டினீர்கள். நான் எழுந்து கைகூப்பி, "நான் பாத்துக்கிடுதேன் மேடம்" என்றேன். ஒலிபெருக்கியில் அது நன்றாகவே கேட்டது.

அடுத்த மாசியில் வெட்டினேன்.

யாராவது மிரட்டினார்களா? இல்லை. ஆலை ஏதோ ஒரு "பசுமை வளாகம்" சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தது. பத்துப் பக்கப் படிவம். அதில் ஒரு வரி: வளாகத்து மரங்களில் ஒட்டுண்ணிகள் நீக்கப்பட்டுள்ளனவா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். "ஐந்து மரங்கள் தவிர" என்று ஓரத்தில் எழுதியிருக்கலாம். மேலாளர் கேட்டால் விளக்கம் சொல்லியிருக்கலாம். பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஓய்வுபெற ஒன்றேகால் வருஷம் இருக்கும்போது ஒரு விளக்கம் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. சோம்பலும் பயமும் சேர்ந்தால் மனிதன் என்ன வேண்டுமானாலும் செய்வான் போலிருக்கிறது. "ஆம்" கட்டத்தில் டிக் போட்டுவிட்டு இசக்கியைக் கூப்பிட்டேன்.

அவன் ஏணியைச் சாத்திவிட்டு ஏறாமல் நின்றான். "அண்ணாச்சி, அந்தம்மாகிட்ட நீங்க சொன்னியள்லா?"

"நீ உன் சோலியப் பாருலே."

"பிஞ்சா இருக்கு அண்ணாச்சி. ரெண்டு மாசம் பொறுத்தா பழுத்துரும். குருவி தின்னுட்டுப் போனபொறவு வெட்டுவோமே."

"வெட்டுலேன்னா வெட்டு!"

வெட்டினான். அன்று மாலை தேநீர் கொடுத்தேன், வாங்காமல் போய்விட்டான். சான்றிதழ்க்காரர்கள் வந்தார்கள். கழிப்பறையைப் பார்த்தார்கள், மழைநீர்த் தொட்டியைப் பார்த்தார்கள், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து முந்திரிப்பருப்பு சாப்பிட்டார்கள். தெற்குச் சுவர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சான்றிதழ் கிடைத்தது. முன்வாசலில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினோம். அந்தச் சித்திரையில் பூக்கொத்திகள் நாலைந்து நாள் வந்து, மொட்டைக் கிளைகளில் இங்கும் அங்கும் தாவிவிட்டுப் போயின. பிறகு வரவில்லை.

மேடம் அந்தப் பங்குனியிலிருந்தே கூப்பிட ஆரம்பித்திருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. மற்ற நாட்களில் படுக்கை. முதல் அழைப்பிலேயே அவருக்கே உரிய முறையில் ஒரு செய்தி சொன்னார்: "எனக்குப் பொட்டாசியம் கூடிப்போச்சாம் அண்ணாச்சி. கூடினா நெஞ்சு நின்னுரும்னு டாக்டர் சொல்லுதாரு. பழமே தின்னக் கூடாதாம். ஆயுசு பூரா அதைத்தான் அளந்தேன், இப்ப என்னை அளக்காங்க." அவரே தொடர்ந்தார். "அதுகெடக்கட்டும். நம்ம மரத்துல பழுத்துட்டா?"

அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "செவந்துட்டு வருது மேடம்" என்றேன்.

"குருவி?"

"ரெண்டு வந்துது."

அவ்வளவுதான். நூலை இழுத்தால் வந்துகொண்டே இருக்கிற மாதிரி பொய்யும் வந்துகொண்டே இருந்தது. அவர் கேட்பார், நான் சொல்வேன். எந்த மரத்தில் அதிகம்? முதல் மரத்தில். எந்த நேரத்தில் வருகிறது? காலையில். மூன்று குருவியா நாலா? மூன்று. நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அந்தப் பக்கம் அவர் "ம், ம்" என்பார். நடுவில் கொஞ்சம் இருங்கள் என்பார். ஏன் இருக்கச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்படியே ஒரு வருஷம் போய் மறு சித்திரையும் வந்தது.

அந்தச் சித்திரையில்தான் அவர் வருகிறேன் என்றார். சிகிச்சைக்குத் தூத்துக்குடிக்கு வந்துபோகிற காருக்கு ஆலை வழியில்தானே இருக்கிறது, பத்து நிமிஷம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். புதிய பாதுகாப்பு நிறுவனம், வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது என்றேன். "நான் வெளியாளா அண்ணாச்சி?" என்றார். பேச்சை மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் மதியம் கேட்டிலிருந்து காவலாளி அழைத்தான்: "சார், ஜெபமணின்னு ஒரு அம்மா கார்ல வந்திருக்காங்க. நடக்க முடியல போல. உங்களத்தான் கேக்காங்க."

கேட் பாஸில் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஜன்னலைத் திறந்தால் கேட் தெரியும். திறக்கவில்லை. "சார் இல்லைன்னு சொல்லு, அனுமதி கெடையாதுன்னு சொல்லு" என்றேன். இருபத்தாறு வருஷம் அவர் வேலை பார்த்த இடம். வெயிலில் கால் மணி நேரம் கார் நின்றுவிட்டுப் போனது. சாயங்காலம் அவரே போன் செய்து, "காவல்காரன் மேல கோவப்படாதிய, அவன் சோலிய அவன் பாக்கான்" என்றார். "நீங்க பாத்துக்கிடுதிய, அது போதும் எனக்கு."

அடுத்த மாதம் நான் ஓய்வுபெற்றேன். அதன் பிறகு அவருடைய அழைப்புகளைத் துண்டிக்கத் தொடங்கினேன்.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டேன். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மேடம் பெயரில் ஆலையில் ஒரு பூங்கா அமைத்து மரக்கன்று நடப்போவதாக யாரோ சொல்லிக்கொண்டிருந்தார். நடாதீர்கள். பெயர்ப் பலகையும் வைக்காதீர்கள். அவர் கேட்டது அதுவல்ல. அவர் கேட்டதை உங்கள் கைதட்டலோடு வாங்கிக்கொண்டவன் நான்.

எட்டாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு கிரேஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டு நோட்டுகளைக் காட்டினார். புல்லுருவியைப் பற்றி மேடம் வருஷக்கணக்காக எழுதியவை. எந்த நாள் பூத்தது, எந்த நாள் பழுத்தது, எது வந்து தின்றது, தின்ற விதை எத்தனை ஒட்டியது, எத்தனை முளைத்தது. பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறைக்காரர்கள் கேட்டிருக்கிறார்களாம், பிள்ளைகள் படிக்க. "கடைசி நோட்டைப் பாருங்க அண்ணாச்சி. முக்காலும் நீங்கதான்" என்றார் கிரேஸ், பெருமையாக.

திறந்தேன். தேதி, மரம், நேரம், எண்ணிக்கை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் "தகவல்: அண்ணாச்சி." கொஞ்சம் இருங்கள் என்று அவர் சொன்னது பேனா எடுக்க. நான் வாய்க்கு வந்தபடி சொன்ன மூன்று குருவிகளும் அங்கே மூன்றாகவே உட்கார்ந்திருந்தன. மணல் லாரியைத் திருப்பி அனுப்பியவரின் நோட்டில், அவர் கையெழுத்திலேயே, ஒரு வருஷத்துக்கும் மேலான பொய்.

கிரேஸிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்; படிவம், இசக்கி, கேட், எல்லாம். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு சிவப்புப் பேனா கொண்டுவந்தார்.

"நான் வாசிக்கேன். நீங்களே அடிங்க."

அவர் வாசித்தார். "சித்திரை, முதல் மரம், காலை, பூக்கொத்தி மூன்று." அடித்தேன். "அடிச்சாச்சா?" "அடிச்சாச்சு." "இரண்டாம் மரம், குயில் ஒன்று." அடித்தேன். பக்கத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பத்தோரு வரிகள். ஒவ்வொன்றையும் அந்தத் தங்கையின் வாயால் கேட்டு ஒவ்வொன்றாக அடித்தேன். இதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஒரு வரியில் அவர் குரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். கேட்டில் அவரைத் திருப்பி அனுப்பிய நாளின் வரி. அன்று போனில் எதையாவது சொல்ல வேண்டுமே என்று ஓர் அணில் கதையைக் கட்டிவிட்டிருந்தேன். "நாலாம் மரம். தாய் அணில் பழத்தைக் கவ்விக்கொண்டு கூட்டுக்கு ஓடுகிறது. குட்டிகள் இருக்க வேண்டும். தகவல்: அண்ணாச்சி. எனக்கு இன்று மிகுந்த சந்தோஷம்."

அத்தனை நோட்டுகளிலும் அவர் தன்னைப் பற்றி எழுதியது அந்த ஒன்றுதான்.

"இதையும் அடிக்கவா?" என்று கேட்டேன்.

கிரேஸ் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "அணிலை அடிங்க" என்றார். "அவ சந்தோஷத்த விட்டுருங்க. அது அவ எழுதினது."

அணிலை அடித்தேன், குட்டிகளை அடித்தேன், என் பெயரை அடித்தேன். நான் சொன்ன நாற்பத்தோரு வரிகளில் அடிபடாமல் நிற்பது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். நோட்டு கல்லூரிக்குப் போய்விட்டது. ஜெபமணி மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தச் சந்தோஷம். இருந்த பிஞ்சுகளை வெட்டி எறிந்துவிட்டு, இல்லாத பழத்தைக் காட்டி நான் வாங்கிக்கொண்டது.